தி.நகரில் இருக்கும் அந்த ‘தி’ யார்?

தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் போயிருக்கிறீர்களா? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பீர்கள். பஸ்ஸில் போனவர்கள், பஸ்ஸின் நெற்றியில் ‘தி.நகர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தத் ‘தி’ என்ன என்று எப்போதாவது யோசித்தீர்களா?

தியாகராய நகர் என்பதைத்தான் சுருக்கி தி.நகர் என்கிறோம். சரி, அந்தத் தியாகராயர் யார்? சிலர் திருவையாற்றில் பாடல்கள் பாடிய தியாகராஜ சுவாமிகள் என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இல்லை! இவர் வேறு ஒருவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். தேடி வந்த பெரிய பதவியை வேண்டாம் என்று சொன்னவர். பள்ளிக்கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்த ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வழி செய்தவர்.

அவருடைய முழுப்பெயரைப் பாருங்கள்: சர் பிட்டி தியாகராய செட்டி.

நாலு பெட்டி வைத்த ரயில் மாதிரி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொருவர் மாட்டிவிட்டிருக்கிறார்கள். ‘சர்’ என்பது அன்றைய ஆங்கில அரசு கொடுத்த பட்டம். ‘செட்டி’ என்பது அவர் பிறந்த சமூகத்தின் பெயர். ‘தியாகராய’ என்பது பெற்றோர் ஆசையாக வைத்த பெயர். அப்படியானால் ‘பிட்டி’?

அது அவருடைய அப்பா பெயராக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் தவறு செய்கிறீர்கள்!

உங்கள் பள்ளி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். எஸ். கார்த்திக், ஆர். பிரியா என்று இருக்கும். பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த எழுத்தை இனிஷியல் என்கிறோம். பெரும்பாலும் அது அப்பா பெயரின் முதல் எழுத்து. இப்போது அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்துப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாத்தா காலத்து ஆட்களாக இருந்தால் ஊர்ப் பெயரின் எழுத்தும் முன்னால் வந்து உட்கார்ந்து கொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் அப்பாவின் இனிஷியல் வேறு, உங்கள் இனிஷியல் வேறு. நாளை உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதன் இனிஷியலும் வேறு. தமிழ்நாட்டில் தலைமுறைக்குத் தலைமுறை அந்த எழுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

தெலுங்கு பேசும் குடும்பங்களில் அப்படி இல்லை. அங்கே ‘இண்டி பேரு’ என்று ஒன்று உண்டு. வீட்டுப் பெயர் என்று அர்த்தம். தாத்தாவுக்கு எந்த வீட்டுப் பெயரோ, அதேதான் அப்பாவுக்கும், அதேதான் பிள்ளைக்கும். பெயரின் முன்னால் அது வரும். டாக்டர் ராதாகிருஷ்ணனைத் தெரியுமல்லவா? ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே, அவர்தான். மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த வீடு இருக்கும் சாலைக்கே டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘எஸ்’ அப்பா பெயர் அல்ல. ‘சர்வபள்ளி’ என்ற வீட்டுப் பெயர். அது ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது.

தியாகராயர் குடும்பத்தின் வீட்டுப் பெயர்தான் ‘பிட்டி’.

அவர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி பிறந்தார். தேவாங்கர் என்னும் நெசவாளர் சமூகம் அவருடையது. வீட்டில் பேச்சு மொழி தெலுங்கு. சென்னைக்கும் நெசவுக்கும் பழைய உறவு உண்டு தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே துணி வாங்கத்தான். நெசவாளர்களைக் குடியமர்த்த 1734இல் ஒரு பேட்டையையே உண்டாக்கினார்கள். சின்னத் தறிப் பேட்டை! அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. அந்தப் பழைய வண்ணாரப்பேட்டைதான் தியாகராயரின் ஊர். இன்றும் அங்கே அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது.

ஆமாம், அவர் தி.நகரில் வாழவே இல்லை! அவர் காலத்தில் தி.நகர் என்று ஓர் ஊரே கிடையாது. அங்கே ஏரிதான் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

தியாகராயர் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. நினைத்திருந்தால் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்திருக்கலாம். அவர் தறிப் பக்கம் போனார். கைத்தறிகளை நிறுத்தி, நெசவுத் தொழில் நடத்தினார். தோல் வியாபாரமும் பார்த்தார். பணம் சேர்ந்தது. ஆனால் ஆள் எப்போதும் வெள்ளை உடையில்தான் இருப்பார். பெரிய பெரிய விருந்தினர்கள் வந்தபோதுகூட ஆங்கிலேயர் பாணி உடைக்கு அவர் மாறவில்லை என்று சொல்வார்கள். அதனால் ஜனங்கள் அவருக்கு ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். ‘வெள்ளுடை வேந்தர்’!

பார்த்தீர்களா, ரயிலில் ஐந்தாவது பெட்டியும் மாட்டியாகிவிட்டது. வீடு கொடுத்த பெயர், பெற்றோர் கொடுத்த பெயர், சமூகம் கொடுத்த பெயர், அரசாங்கம் கொடுத்த பெயர், ஜனங்கள் கொடுத்த பெயர்.

இப்படிப் பெட்டி பெட்டியாகப் பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் மட்டும்தானா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ரோமாபுரியில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. ஒரு நிமிடம் அங்கே போய் வரலாம்.

ரோமானியர்கள் நம் ஊர் மிளகுக்கு ஆசைப்பட்டுக் கப்பலில் பொன்னும் வெள்ளியும் அனுப்பினார்கள். அந்தக் காசுகள் தமிழ்நாட்டில் மண்ணுக்கடியில் நிறையக் கிடைத்திருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பிலும் ரோமானியக் காசுகள் உண்டு. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் பேரரசரின் காசுகள் நம் பக்கத்தில் அதிகம் கிடைத்தவை. அதில் அவர் முகத்தைச் சுற்றி எழுத்துகள் இருக்கும். முதலில் அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். அப்புறம் சீசர். அப்புறம் ‘தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன்’ என்ற விவரம். ‘மகன்’ என்ற சொல்லுக்கும் ஒரே ஓர் எழுத்துதான். காசில் இடம் பத்தாதே!

ஆக, இனிஷியல் போடுவது நாம் மட்டும் கண்டுபிடித்த விஷயம் அல்ல. ஆனால் ஒரு வேடிக்கை. நாம் அப்பா பெயரைச் சுருக்கி, நம் பெயரை முழுதாக எழுதுகிறோம். ரோமானியர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சுருக்கி, குடும்பப் பெயரை முழுதாக எழுதினார்கள். அப்படியே தலைகீழ்!

ஏன் அப்படி? அங்கே குடும்பப் பெயருக்குத்தான் மதிப்பு. ஜூலியஸ் சீசரின் முழுப்பெயர் கையஸ் ஜூலியஸ் சீசர். கையஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். ஜூலியஸ் என்பது குலத்தின் பெயர். சீசர் என்பது அந்தக் குலத்தில் ஒரு கிளையின் பெயர். சொந்தப் பெயர்களுக்கு ரோமில் பெரும் பஞ்சம். ஆண் பிள்ளைகளுக்குப் பரவலாக வைத்த பெயர்கள் மொத்தமே சுமார் 18தான். மார்க்கஸ், லூசியஸ், கையஸ் என்று வீட்டுக்கு வீடு அதே பெயர்கள். க்வின்டஸ் என்றால் ஐந்தாவது என்று பொருள். செக்ஸ்டஸ் என்றால் ஆறாவது. ஒரு தெருவில் நின்று ‘மார்க்கஸ்’ என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

பெண் குழந்தைகளின் பாடு இன்னும் மோசம். பெரிய குடும்பங்களில் அவர்களுக்கென்று தனிப் பெயரே வைக்க மாட்டார்கள். குலப் பெயரைக் கொஞ்சம் மாற்றிக் கூப்பிடுவார்கள். ஜூலியஸ் குலத்துப் பெண்ணா? பெயர் ஜூலியா. சீசரின் அத்தை பெயர் ஜூலியா. உடன்பிறந்த சகோதரிகள் இருவர், இரண்டு பேரும் ஜூலியா. மகள் பெயர்? அதுவும் ஜூலியாதான்! பெரிய ஜூலியா, சின்ன ஜூலியா என்று சொல்லித்தான் பிரித்துக் காட்ட வேண்டும். இதைப் படிக்கும் தங்கைகளே, உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது.

பட்டப் பெயர்களும் ரோமில் உண்டு. பெரிய பேச்சாளர் சிசரோ இருந்தாரே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கொண்டைக்கடலை! அவருடைய முன்னோர் ஒருவருக்கு மூக்கு நுனி கடலை மாதிரி இருந்ததாம். அந்தக் கேலிப் பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. அரசியலுக்கு வரும்போது இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளும்படி சிசரோவிடம் நண்பர்கள் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். ஏனென்றால், ரோமில் உயர் பதவிகளுக்கு ஒரு சில குடும்பங்களே திரும்பத் திரும்ப வந்து கொண்டிருந்தன. அந்தக் குடும்பப் பெயர் இல்லாமல் வருகிறவரை ‘புது ஆள்’ என்பார்கள். சிசரோ ஒரு புது ஆள். கொண்டைக்கடலைப் பெயரோடேயே போட்டியிட்டு, கி.மு. 63இல் ரோமின் மிக உயர்ந்த பதவியில் உட்கார்ந்து காட்டினார்.

பெயரைப் பார்த்தே ஒருவருக்கு இடம் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பது... இது ரோமோடு முடிந்துபோன விஷயமா என்ன? தியாகராயர் காலத்துச் சென்னைக்குத் திரும்பி வாருங்கள்.

தியாகராயர் 1882இல் சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். சுமார் 40 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். நாற்பது ஆண்டுகள்! குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று இந்த ஊரின் ஒவ்வொரு பிரச்சினையும் அவருக்கு அத்துப்படி. மாநகராட்சியில் அவரோடு அடிக்கடி மோதியவர் ஒரு டாக்டர். பெயர் டி.எம். நாயர். இந்த ‘டி’ என்ன? அதுவும் வீட்டுப் பெயர்தான். அவர் கேரளத்துக்காரர். தரவத் மாதவன் நாயர் என்பது முழுப்பெயர். தரவத் என்பது அவருடைய குடும்பத்தின் பெயர். தியாகராயருக்கும் நாயருக்கும் ஒத்தே போகாது.

அந்த நாளில் அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பிராமணர்களே பெருமளவில் இருந்தார்கள். மற்ற சமூகத்துப் பிள்ளைகள் படிக்க வந்தாலும், வேலைக்கு வந்தாலும் உள்ளே நுழைவது கடினமாக இருந்தது. சென்னைக்குப் படிக்க வந்தவர்களுக்குத் தங்க இடம்கூட எளிதில் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மாணவர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதி நடத்தினார் டாக்டர் சி. நடேசன். கீரியும் பாம்புமாக இருந்த தியாகராயரையும் நாயரையும் ஒன்று சேர்த்து வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி இவர்கள் எல்லோரும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்று அதற்குப் பெயர். டிசம்பரில் தியாகராயர் ஓர் அறிக்கை வெளியிட்டார். எந்தெந்த அரசுப் பதவியில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டிய அறிக்கை அது. எல்லோருக்கும் இடம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அடுத்த ஆண்டு ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். நாயர் அதன் ஆசிரியர். ஜஸ்டிஸ் என்றால் நீதி. பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது. நீளமான பெயரை எல்லோரும் மறந்துவிட்டு ‘நீதிக்கட்சி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மனிதர்களுக்கு மட்டும்தான் பட்டப் பெயர் வருமா? கட்சிக்கும் வரும்!

நாயர் 1919இல் லண்டன் போயிருந்தபோது அங்கேயே இறந்து போனார். முன்பு சண்டை போட்ட நண்பர் இல்லாமலே தியாகராயர் கட்சியை நடத்த வேண்டியிருந்தது.

1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. அன்றைய சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல. ஆந்திரத்தின் பெரும்பகுதியும், கேரளம், கர்நாடகம், ஒடிசா ஆகியவற்றின் சில பகுதிகளும் சேர்ந்த பெரிய மாகாணம். (எல்லோருக்கும் ஓட்டு இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும்தான் ஓட்டு.) காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. நீதிக்கட்சி ஜெயித்தது. ஆளுநர் வெலிங்டன், கட்சித் தலைவரான தியாகராயரை முதலமைச்சர் பதவிக்கு அழைத்தார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

தியாகராயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கட்சியைப் பார்த்துக்கொள்வதே போதும் என்று ஒதுங்கிக் கொண்டார். கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். அவருக்கு உடல்நலம் சரியில்லாமல் போகவே, 1921இல் பனகல் அரசர் வந்தார். அப்போதும் தியாகராயர் அந்த நாற்காலி பக்கம் போகவில்லை. பெயருக்கு முன்னால் ‘முதலமைச்சர்’ என்ற பெட்டியையும் மாட்டியிருக்கலாம். மாட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் மாநகராட்சியை அவர் விடவில்லை. அதன் தலைவராக இருந்தபோது அவர் செய்த ஒரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே படித்த பிள்ளைகள் மிகவும் ஏழைகள். பள்ளிக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. காலையில் வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வரும்? வந்தாலும் காதில் பாடம் ஏறுமா? வயிறுதான் கத்திக் கொண்டிருக்கும். அதற்குப் பதில் ஏதாவது வேலைக்குப் போனால் அரை வயிறாவது நிறையும் என்று பெற்றோரும் நினைத்திருப்பார்கள்.

1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், பிள்ளைகள் ஏழைகளாக இருப்பதால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று தியாகராயர் விளக்கினார். தீர்மானம் நிறைவேறியது. செலவு எவ்வளவு தெரியுமா? ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது. அணா என்பது பழைய காசு. 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய்.

ஓர் அணா திட்டம் வேலை செய்தது! இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அதை நீட்டினார்கள். பிள்ளைகள் கூட்டம் அதிகரித்தது. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் சிக்கல். தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக்கூடாது என்று மேலிடம் தடுத்துவிட்டது. 1925இல் திட்டம் நின்றது. பிற்பாடு 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்க மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இந்தக் கதையின் முதல் அத்தியாயம் ஆயிரம் விளக்கில் ஓர் அணாவில் தொடங்கியது.

அதே 1925இல் தியாகராயர் மறைந்தார்.

இப்போது ஏரிக் கதைக்கு வருவோமா? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஓர் ஏரி கிடந்தது. நகரத்தில் ஜனங்கள் பெருகப் பெருக, வீடு கட்ட இடம் பத்தவில்லை. 1920களில் மாம்பலம் பக்கத்து ஏரிப் பகுதியை வடியவிட்டு, புதிய குடியிருப்பு ஒன்றை அமைக்க ஆரம்பித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. ஏரி தெரியும் சாலை! அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது. ஆட்டோதான் தெரியும். ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி அல்லவா? புதிய ஊருக்குத் தங்கள் தலைவர் பெயரையே வைத்தார்கள். எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள். பிட்டி நகர் என்று வைக்கவில்லை. செட்டி நகர் என்றும் வைக்கவில்லை. தியாகராய நகர்! ரோமானியர்களாக இருந்தால் பெரும்பாலும் குலப் பெயரைத்தான் எடுத்திருப்பார்கள். ஜூலியஸ் சீசரின் குலப் பெயர்தானே நம் காலண்டரில் ஜூலை மாதமாக இருக்கிறது? அவருடைய சொந்தப் பெயரான ‘கையஸ்’ எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊரின் நடுவில் பூங்கா. அதற்குப் பனகல் பூங்கா என்று பெயர். பனகல் அரசரின் சொந்தப் பெயர் ராமராயநிங்கார். வீட்டுப் பெயர் பனகன்டி. பனகல் அரசர் என்பது பட்டம். இங்கே பட்டம்தான் ஜெயித்தது. ராமராயநிங்கார் பூங்கா என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக் கொள்ளும்! தியாகராயரையும் நாயரையும் ஒன்று சேர்த்த கதை சொன்னேனே, அந்த நடேசன் பெயரிலும் ஒரு பூங்கா உண்டு. நாயர் பெயரில் ஒரு சாலை. மாநகராட்சித் தலைவராகவும் பிறகு 1934இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகமது உஸ்மான் பெயரில் உஸ்மான் சாலை. உயிரோடு இருந்தபோது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாக்குவாதம் செய்தவர்கள், இப்போது தெருவும் பூங்காவுமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

சர் தியாகராய சாலையில்தான் பாண்டி பஜார். அதன் சரியான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. யார் இவர்? நீதிக்கட்சியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மாநாட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அது. பெயரைக் கேட்டதுமே இவர் உயர்ந்தவர், இவர் தாழ்ந்தவர் என்று எடைபோடுகிறார்களே, அந்தத் தராசையே தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். சிசரோ பெயரை மாற்றாமல் ஜெயித்தார். இவர்கள் பெயரின் ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு ஜெயிக்கப் பார்த்தார்கள்.

இந்தியாவின் பல மாநிலங்களில் ஷர்மா, பட்டேல், ரெட்டி என்று பெயரின் கடைசியில் வரும்போது, உங்கள் வகுப்பில் வெறும் கார்த்திக்கும் வெறும் பிரியாவும் இருக்கிறார்களே, ஏன் என்று இப்போது புரிகிறதா? பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் வந்ததும் உங்கள் அப்பா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பதற்கும் அதுதான் காரணம். கடைசியில் தன் பெயரையே அங்கே எழுதிவிடுவார். வெளிநாட்டுக்குப் போனால் அங்கே உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்!

1979இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பெயர்களிலும் சாதிப் பெயர் வேண்டாம் என்று அரசு முடிவு செய்தது. சென்னைத் தெருப் பலகைகளில் பெயர்களின் வால்கள் மறைந்தன. தியாகராயருக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ‘செட்டி’ போனாலும் ‘தியாகராய’ நின்றது. ஆனால் டாக்டர் நாயர் சாலையை நினைத்துப் பாருங்கள். அவரை எல்லோரும் நாயர் என்றேதான் கூப்பிட்டார்கள். அதை எடுத்துவிட்டால் ‘டாக்டர் சாலை’ என்றல்லவா ஆகிவிடும்? எந்த டாக்டர் என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்திலேயே ஜி.என். செட்டி சாலை. கோபதி நாராயணசாமி செட்டி என்பவர் பெயரில் உள்ள சாலை அது. ‘செட்டி’யை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஜி.என். சாலை! இரண்டே இரண்டு எழுத்து. வீட்டுப் பெயரும் தெரியாது, சொந்தப் பெயரும் தெரியாது. ரோமானியக் காசில் எழுத்துகளை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது மாதிரிதான் இதையும் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் வாயில் அது இன்றும் ஜி.என். செட்டி ரோடுதான்.

ரிப்பன் மாளிகை வளாகத்தில் தியாகராயருக்குச் சிலை இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நாற்பது ஆண்டுகள் அவர் உழைத்த மாநகராட்சியின் தலைமை அலுவலகம் அது. அடுத்த முறை பாண்டி பஜாரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே நடக்கும்போது, தலையைத் தூக்கித் தெருப் பலகைகளைப் பாருங்கள். எந்தப் பலகையில் சொந்தப் பெயர், எதில் பட்டம், எதில் வெறும் இனிஷியல் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ உங்கள் குடும்பத்துக்கு வீட்டுப் பெயர் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். பலருக்கு இருந்திருக்கும். இப்போது யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.